அப்பத்தாவின் குலவை பழைய ஏஎம்ஆர் ரிங்டோனாக இருக்கிறது, எம்பி3 ஆக்குவது எப்படி?

தென்கரைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சோழவந்தானை ஒட்டி, வைகைக்குத் தென்கரை. வேலை மதுரையில், ஒரு அச்சகத்தில்.

எங்கள் அப்பத்தா நடவுக்கு இறங்கினால் குலவையை ஆரம்பிப்பது அவர்தான். முதல் முடியை, அதாவது நாற்றுக் கட்டை, பிரித்து நாற்றை ஊன்றும்போது அவர் குரல் எழும். அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். 2010 நடவில் சித்தப்பா வரப்பில் நின்று அதைத் தன் நோக்கியா 2700 கிளாசிக்கில் பதிவு செய்து, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். டீக்கடையில் அவர் போன் அடித்தால், "உங்க ஆத்தா கூப்பிடுதுப்பா" என்று பெஞ்சில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

அப்பத்தா போய் ஏழு வருடம் ஆகிறது. போன் பரணில் கிடந்தது, பேட்டரி உப்பி மூடியே கழன்றுவிட்டது. உள்ளே இருந்த 1 ஜிபி மெமரி கார்டை எடுத்து அச்சகத்துக் கணினியில் போட்டேன். கோப்பு இருக்கிறது! முடிவில் ஏஎம்ஆர் என்று இருக்கிறது. அளவு 60,806 பைட்.

முதலில் விவரம் தெரியாமல் பெயரில் ஏஎம்ஆரை அழித்துவிட்டு எம்பி3 என்று மாற்றினேன். சித்தப்பாவின் இப்போதைய போனில் ஓடவில்லை. திரும்ப ஏஎம்ஆர் என்றே மாற்றிவிட்டேன். அப்புறம் இணையத்தில் மாற்றித் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். அது கொடுத்த எம்பி3 ஓடுகிறது, 30 விநாடி வருகிறது. ஆனால் ரொம்ப மெல்லிசாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. இதைவிட நன்றாக மாற்ற முடியுமா?

இதே கார்டில் அத்தையின் பழைய சாம்சங் போனிலிருந்து வந்த ஒரு எம்எம்எஃப் கோப்பும் இருக்கிறது, 9 கேபி. எதிலும் திறக்க மறுக்கிறது. முளைப்பாரிக் கும்மி மெட்டு என்கிறார் அத்தை. இன்னொன்று, சித்தப்பா தன் முதல் போனான நோக்கியா 3315ல் தானே அடித்த ஒரு ரிங்டோனை நோட்டில் வெறும் எண்களாக எழுதி வைத்திருக்கிறார். அதையும் ஏதாவது செய்ய முடியுமா?

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் ஊரில் கூடுவோம். அதற்குள் சித்தப்பா போனில் அந்தக் குலவையைத் திரும்ப வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

திருநகர்வாசி:

கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் போதும் நண்பரே. மீடியா மெனுவில் 'கன்வெர்ட் / சேவ்' இருக்கும். கோப்பைச் சேர்த்து, கீழே ஆடியோ எம்பி3 என்று தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. இரைச்சல் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாம்.

டவுன்ஹால் ரோடு:

தம்பி, முதலில் அந்த மெமரி கார்டைக் கணினியிலிருந்து எடுங்கள். கார்டை ஒரு பெரிய அடாப்டருக்குள் சொருகித்தானே போட்டிருப்பீர்கள்? அந்த அடாப்டரின் ஓரத்தில் சின்னதாக ஒரு தள்ளுக்கட்டை இருக்கும். அதை லாக் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். அப்படிப் போட்டால் கணினி அதிலிருந்து படிக்கும், அதில் எதையும் எழுதாது. "ஃபார்மட் செய்யவா" என்று ஏதாவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, அதே நகலை ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் 2004லிருந்து எட்டு வருடம் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, ரிங்டோன் ஏற்றுவதுதான் பாதி வியாபாரம். நோக்கியா போனைக் கணினியோடு இணைக்கும் டிகேயூ 5 கேபிள் ஒன்று, கார்டு ரீடர் இரண்டு, புளூடூத் டாங்கிள் ஒன்று, இவற்றை வைத்துத்தான் கடை ஓடியது. ஒரு நாள் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் மகன் குரல் இருந்த கார்டு. போனில் போட்டதும் அது ஃபார்மட் கேட்டது, என் கடையில் வேலை பார்த்த பையன் சரி என்று அழுத்திவிட்டான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கார்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் கோப்புக்கு வருகிறேன். ஏஎம்ஆர் என்பது பாட்டுக்காகச் செய்தது இல்லை. செல்போன் பேச்சுக்காகச் செய்தது. 1999ல் செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எம்பி3 மாதிரி அது ஒலியை ஒலியாகச் சுருக்கி வைப்பதில்லை. 'ஒரு மனிதத் தொண்டை, மேலே வாய், இந்த நேரத்தில் அவை இப்படி இருந்தன' என்று விநாடிக்கு 50 முறை குறிப்பு எழுதி வைக்கிறது. திரும்ப ஓட்டும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துக் குரலை மறுபடி உண்டாக்குகிறது. அதனால் ஒரு ஆள் பேசினால் தெளிவாக இருக்கும், நாதஸ்வரமோ மேளமோ வந்தால் கரகரக்கும். உங்கள் அப்பத்தா தனியாகக் குலவையிடும் இடம் நன்றாகவும், மற்றப் பெண்கள் சேரும் இடம் குழம்பியும் கேட்கும் என்று நினைக்கிறேன். பத்துத் தொண்டையை ஒரு தொண்டை என்று எழுதப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்?

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒலியை விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கிறது. அதில் பாதி அதிர்வு வரைதான் பதியும், அப்படியென்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவுமே கோப்பில் கிடையாது. குலவையின் அந்தக் கூர்மையில் ஒரு பகுதி பதிவாகும்போதே போய்விட்டது. எந்தத் தளத்தில் ஏற்றினாலும், எவ்வளவு பெரிய எம்பி3 ஆக்கினாலும் அது வராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் நல்லது.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு. நோக்கியாவின் இந்த மாதிரிப் போன்கள் ஏஎம்ஆரை வழக்கமாக 12.2 கேபிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 12.2 கிலோபிட் வேகத்தில், பதியும். அந்த வேகத்தில் ஒவ்வொரு குறிப்பும் 32 பைட். விநாடிக்கு 50 குறிப்பு, ஆக 1,600 பைட். கோப்பின் தலையில் 6 பைட் அடையாளம். உங்கள் கோப்பு 60,806. ஆறைக் கழித்தால் 60,800. அதை 1,600 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 38 வருகிறது.

உங்களிடம் இருக்கிற எம்பி3 30 விநாடி என்கிறீர்கள். மீதி 8 விநாடி எங்கே?

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நகலை நோட்பேடில் திறங்கள். எல்லாம் கிறுக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதல் வரியில் ஹாஷ் குறி, ஆச்சரியக்குறி, அப்புறம் ஏஎம்ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதை அடுத்து வரும் முதல் குறி, கணக்கில் 'சிறியது' என்பதற்குப் போடுவோமே, அந்தக் கூர்முனைக் குறியாக இருந்தால் 12.2 தான். என் கணக்கு சரி. வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திரும்பக் கணக்குப் போடலாம்.

அப்புறம் நண்பர் சொன்ன விஎல்சியிலேயே மாற்றுங்கள், அது நல்ல வழி. ஆனால் ஆடியோ எம்பி3க்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பானர் படத்தை அழுத்தி, ஆடியோ கோடெக் பகுதியில் சாம்பிள் ரேட்டை 44,100 என்று வையுங்கள். 8,000லேயே விட்டால் அது எம்பி3யின் பழைய தரத்துக்குள் அடங்காத ஒரு வகையாகப் போய்விடும், சில போன்கள் தடுமாறும். பிட்ரேட் 128 தாராளம். அதற்கு மேல் வைத்தால் இடம்தான் வீண்.

பெயரை மட்டும் மாற்றியது ஏன் ஓடவில்லை என்று புரிந்திருக்கும். மேலட்டையை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

தென்கரைப் பேரன்:

அண்ணே, கை நடுங்குகிறது. நோட்பேடில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. முதல் வரி அந்த ஏஎம்ஆர், அடுத்த வரி அந்தக் கூர்முனைக் குறியில்தான் ஆரம்பிக்கிறது. உள்ளேயும் அங்கங்கே அதே குறி வருகிறது.

விஎல்சியில் போட்டேன், 38 விநாடி! அந்தத் தளம் கடைசியை வெட்டியிருக்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில், இலவசம் 30 விநாடி வரைதான் என்று போட்டிருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அச்சகத்தில் மிஷின் ஓடுவதால் சரியாகக் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். சத்தம் குறைவாக இருக்கிறதே, அதை மட்டும் கூட்ட முடியுமா? நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டுவிடவா? பின்னால் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கிறது.

டவுன்ஹால் ரோடு:

சத்தத்தைத் தாராளமாகக் கூட்டலாம். ஆடாசிட்டியில் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, நார்மலைஸ் கொடுத்து, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள். ஏஎம்ஆரைத் திறக்க அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகம் வேண்டும், தனியாக நிறுவச் சொல்லும். நிறுவ முடியாவிட்டால் விஎல்சியிலிருந்து முதலில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஆக எடுத்து அதைத் திறங்கள்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் மட்டும் வேண்டாம் தம்பி. திருநகர் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், சாதாரணப் பதிவுக்கு அது சரியாக வரும். இது அப்படி இல்லை. சாதாரணப் பதிவில் குரல் ஒரு பக்கம், இரைச்சல் ஒரு பக்கம் என்று ஓரளவு பிரியும். ஏஎம்ஆரில் தண்ணீர்ச் சத்தத்தையும் தொண்டைக் குறிப்பாகவே எழுதி வைத்திருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதை உரிக்கப் போனால் குலவையின் ஓரத்தையும் சேர்த்துத்தான் உரிக்கும். மிஞ்சுவது பாத்திரத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். கடையில் இரண்டு மூன்று பேருக்கு அப்படிச் செய்து கொடுத்து, அவர்கள் கேட்டுவிட்டு, "இது எங்க ஆளு குரல் இல்லையே" என்று சொன்னதுண்டு.

அந்தத் தண்ணீர் உங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீராகத்தான் இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும். அவர் அந்த வயலில் நின்றுதானே குலவையிட்டார்.

ரிங்டோனுக்கு எம்பி3 வைத்துக்கொள்ளுங்கள். வைத்துப் பாதுகாக்க மூல ஏஎம்ஆரையே வையுங்கள், கூடவே ஒரு வேவ் பிரதி. 8,000 மாதிரி, 16 பிட், ஒற்றைச் சேனல் என்றால் 38 விநாடிக்கு 6,08,000 பைட்தான், ஒரு போட்டோ அளவுகூட வராது. வேவைப் படிக்காத கணினி இல்லை. குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எம்எம்எஃப் பற்றி. அது யமஹா செய்த ஸ்மாஃப் என்ற வகை. அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் உள்ளே பதிவு செய்த ஒலி இருக்கும், அதை எஃப்எஃப்எம்பெக் எடுத்துத் தந்துவிடும். இன்னொன்றில் ஒலியே இருக்காது, எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவி என்ற குறிப்பு மட்டும் இருக்கும். வாசிப்பது போனுக்குள் இருந்த யமஹா சிப். உங்களுடையது 9 கேபிதான் என்பதால் இரண்டாவது விதமாக இருக்க வேண்டும். இதை மிடியாக (கணினி வாசிக்கும் சுரக் குறிப்புக் கோப்பு) மாற்றிக் கணினியில் ஓட்டலாம், மெட்டு வரும், ஆனால் அந்தப் பழைய போனின் 'டிங் டிங்' நாதம் வராது. அத்தையின் சாம்சங் இன்னும் உயிரோடு இருந்தால், அதிலேயே ஓடவிட்டு வேறு போனில் பதிவு செய்வதுதான் நல்ல வழி. ஃபேனை நிறுத்திவிட்டு, மரப் பலகையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, இரண்டு போனையும் ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். சத்தத்தை முழுசாக வைக்க வேண்டாம், இரண்டு புள்ளி குறையுங்கள். முழுசாக வைத்தால் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பிளிறும்.

மேலூர் தவில்:

நோட்டில் உள்ள எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது என் பக்கம்.

3310, 3315 போன்களில் கம்போசர் என்று ஒன்று இருந்தது. எண்ணை அழுத்தினால் சுரம் விழும். 1 ச, 2 ரி, 3 க, 4 ம, 5 ப, 6 த, 7 நி. மேற்கத்தியில் சி, டி, இ என்று போகும், நமக்கு அது சங்கராபரணத்தின் சுரங்கள். 0 என்றால் ஓய்வு. 8 அழுத்தினால் அந்தச் சுரத்தின் நேரம் குறையும், 9 அழுத்தினால் கூடும். நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும், ஹாஷ் குறி அரைச் சுரம் ஏற்றும். மொத்தம் 50 சுரம்தான் கொள்ளும்.

எங்கள் அப்பா தவில். அவர் கூட வாசிக்கும் நாதஸ்வரக்காரர் 3310ல் இப்படித்தான் கும்மி மெட்டுகளை அடித்துக் கொடுப்பார், பத்து நிமிடம்கூட ஆகாது. அதனால் உங்கள் சித்தப்பா எழுதியது வெறும் எண் இல்லை, அது சுரக் குறிப்பு. நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த எண்ணுக்குப் பின்னால் 8, 9, நட்சத்திரம் வருகிறது என்று தெரிந்தால் நான் அதை ஆர்டிடிடிஎல் ஆக எழுதித் தருகிறேன். நோக்கியா ரிங்டோனை எழுத்து வடிவில் அனுப்புவதற்காக வந்த முறை அது: முதலில் பெயர், அப்புறம் வழக்கமான நேர அளவு, ஸ்தாயி, வேகம், அப்புறம் சுரங்கள். அதை மிடியாக்கி, மிடியை எம்பி3 ஆக்கிவிடலாம். வேகம் மட்டும் எண்களில் இருக்காது, போனில் தனியாக வைத்தது. சித்தப்பாவை ஒருமுறை விசிலில் பாடிக் காட்டச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

தென்கரைப் பேரன்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று இரவு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கேட்டேன். டவுன்ஹால் ரோடு அண்ணன் சொன்னதுபோலவே, அப்பத்தா தனியாக எழுப்பும் முதல் ஏழெட்டு விநாடி தெளிவாக இருக்கிறது. நாக்கு சுழல்வதுகூடக் கேட்கிறது. மற்றவர்கள் சேர்ந்ததும் கலங்கிவிடுகிறது. 29வது விநாடியில் குலவை ஓய்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு, அந்தத் தளம் வெட்டிப்போட்ட இடத்தில், அப்பத்தா பேசுகிறார்.

"போதும்டா, பிடிச்சது. அந்தக் கடைசி முடியை இங்கிட்டு எறி."

அவ்வளவுதான். அப்புறம் தண்ணீரில் முடி வந்து விழும் சத்தம்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அப்பத்தா கடைசியில் பேசியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பேசியதா, என்ன பேசியது என்று திருப்பிக் கேட்டார். யோசித்தால் புரிகிறது. போன் அடித்தால் ஐந்தாறு விநாடியில் எடுத்துவிடுவார். இத்தனை வருடத்தில் அந்தப் பதிவைக் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டதே இல்லை. போனில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "முடியை எறிஞ்சது நான்தான்" என்றார்.

சத்தத்தை மட்டும் கூட்டினேன், வேறு எதையும் தொடவில்லை. ரிங்டோனுக்கு முதல் 20 விநாடியைத் தனியாக எடுத்து எம்பி3 ஆக்கியிருக்கிறேன். முழு 38 விநாடியும் வேவ் ஆக என்னிடம், அத்தையிடம், சித்தப்பா மகளிடம் இருக்கிறது. கார்டை அடாப்டரோடு லாக் பண்ணி பீரோவில் வைத்துவிட்டேன்.

மேலூர் அண்ணே, நோட்டுப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன். பாதிப் பக்கம் மஞ்சள் கறை, ஆனால் எண்கள் படிக்கிற மாதிரிதான் இருக்கின்றன. சித்தப்பா விசிலடிக்கவும் சம்மதித்துவிட்டார்.

அத்தையின் சாம்சங் கிடைத்துவிட்டது. சார்ஜர்தான் இல்லை. கீழே அகலமாக, 20 பின் வரும் பழைய முனை. டவுன்ஹால் ரோடு கடைகளில் இன்று மதியம் ஐந்தாறு இடத்தில் கேட்டேன், எல்லோரும் இல்லை என்றுவிட்டார்கள். யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள்.

டவுன்ஹால் ரோடு:

கடையை மூடும்போது ஒரு சாக்கு நிறைய சார்ஜர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், தூக்கிப்போட மனசு வரவில்லை. அதில் அந்த 20 பின் இரண்டு இருக்கிறது. ஒன்றைச் செருகிப் பார்த்தேன், கரண்ட் வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் மேலக் கோபுரத்துப் பக்கம் வாருங்கள், இடத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வரும்போது அந்த 38 விநாடியைப் போனில் கொண்டு வாருங்கள், நானும் ஒரு தடவை கேட்கிறேன்.